மகன் தண்ணீருக்கடியில் ஹாக்கி ஆடுகிறான், தடுக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. நன்றாக நீந்துவான், போட்டிகளில் பரிசும் வாங்கியிருக்கிறான். ஆறு மாதமாக அதை விட்டுவிட்டுத் தண்ணீருக்கடியில் ஹாக்கி ஆடப் போகிறான். "இதெல்லாம் ஒரு விளையாட்டாடா?" என்று என் அண்ணன் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். அதிலிருந்து இவன் மாமாவோடு பேசுவதே இல்லை. எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். தடுத்துவிடலாமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்களுக்கு அண்ணன் பேச்சால் வந்த கூச்சம் ஒன்று, பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போகிறானே என்ற பயம் ஒன்று. கூச்சத்தைத் தூக்கிப் போடுங்கள். பயம் நியாயமானது, அதற்கு வருகிறேன்.

ஒலிம்பிக்ஸில் 1900 முதல் 1920 வரை கயிறு இழுக்கும் போட்டிக்குப் பதக்கம் கொடுத்தார்கள் என்று அண்ணனிடம் சொல்லுங்கள். 1900-ல் பாரிஸின் சேன் நதியில் ஒரு நீச்சல் போட்டி நடந்தது. நீந்துகிறவர் வழியில் ஒரு கம்பத்தில் ஏறி இறங்கி, வரிசையாக நின்ற படகுகளைத் தாண்டி, அப்புறம் இன்னொரு வரிசைப் படகுகளுக்கு அடியில் புகுந்து வர வேண்டும். 1904-ல் செயின்ட் லூயிஸில் தண்ணீரில் பாய்ந்து, கை காலை அசைக்காமல் எவ்வளவு தூரம் மிதந்து போகிறார் என்று பார்த்துத் தங்கம் கொடுத்தார்கள். வில்லியம் டிக்கி 62 அடி 6 அங்குலம் போனார். அதே ஒலிம்பிக்ஸில் கயிறு ஏறுவதில் தங்கம் வாங்கிய ஜார்ஜ் ஐசருக்கு ஒரு கால் மரக்கால். அவரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்த்துவிடும். அந்தப் போட்டிகளெல்லாம் இன்று ஒலிம்பிக்ஸில் இல்லை. அதனால் அவர் ஏறியது ஏறாததாகிவிடுமா?

உங்கள் மகன் ஆட்டமும் நேற்று முளைத்ததில்லை. 1954-ல் இங்கிலாந்தின் சவுத்சீயில் ஆலன் பிளேக் என்பவர் தொடங்கியது. குளிர்காலத்தில் கடலில் இறங்க முடியாது, அந்த மாதங்களில் டைவிங் கிளப் ஆட்கள் கலைந்துபோகக் கூடாது என்று நீச்சல் குளத்தில் ஆட வைத்தார். 1980-லேயே உலகக் கோப்பைப் போட்டி நடந்துவிட்டது. அணிக்கு ஆறு பேர் தண்ணீரில் இருப்பார்கள். குளத்தின் தரையில் கிடக்கும் ஒரு கிலோவுக்கு மேல் கனமான வட்டை, ஒரு கைக்கு அடங்கும் குட்டி மட்டையால் தள்ளிக்கொண்டு போக வேண்டும். எவ்வளவு கெட்டிக்காரனானாலும் மூச்சு தீர்ந்தால் வட்டை விட்டுவிட்டு மேலே வந்துதான் ஆக வேண்டும், அதனால் தனக்குப் பின்னால் யார் இறங்கி வருகிறார்கள் என்று பார்த்து நேரத்தோடு கொடுத்துவிடப் பழக வேண்டியிருக்கிறது. தனியாக ஜெயிக்கவே முடியாத ஆட்டம் இது. எனக்கு இதில் ரொம்பப் பிடித்ததே அதுதான்.

சரி, பயத்துக்கு வருவோம். மூச்சு விட வேண்டும் என்ற தவிப்பைப் பெரும்பாலும் கிளப்புவது உடம்பில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. ஆக்சிஜன் குறைவது அவ்வளவாக உறைக்காது. சில பையன்கள் முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சை இழுத்து விடுவார்கள். அதில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிடுகிறது, தவிப்பு தாமதமாகிறது, அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து எந்த அறிகுறியும் இல்லாமல் தண்ணீருக்குள்ளேயே மயங்கிவிடுவார்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கும் இது நடக்கும். அதனால் தனியாக மூச்சடக்கிப் பழகவே கூடாது என்று அவனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள், வீட்டுத் தொட்டியில்கூடக் கூடாது. பயிற்சியாளரிடம் நேரிலேயே கேளுங்கள்: மேலே நின்று கண்காணிப்பது யார், மயங்கியவரைத் தூக்கி முதலுதவி செய்யத் தெரிந்தவர் யார்? பதில் மழுப்பலாக வந்தால் அந்த இடத்தை மாற்றுங்கள், ஆட்டத்தை அல்ல.

அப்புறம் ஒரு நாள் நீங்களே போய்ப் பாருங்கள், அண்ணனையும் கூட்டிக்கொண்டு. கரையில் நின்றால் நுரையும் அவ்வப்போது மேலே வரும், ஆடுகிறவர்கள் வாயில் கவ்வியிருக்கும் மூச்சுவிடும் குழாய்களும்தான் தெரியும், ஒன்றும் புரியாது. ஒரு முகமூடியை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு, ஓரத்தில் பிடித்தபடி முகத்தை மட்டும் தண்ணீருக்குள் வையுங்கள். அண்ணனையும் வைக்கச் சொல்லுங்கள்.