இன்சுலின் ஊசிக்குப் பதில் பெப்டைடு சொட்டா?

கேள்வி: அம்மா இரண்டு வேளை இன்சுலின் போடுகிறார். இங்கே மண்டபத்தில் கூட்டம் போட்டு, ‘செல்லுக்குள் ஊடுருவும் பெப்டைடு’ சேர்த்த சொட்டைக் குடித்தால் ஊசியே வேண்டாம் என்கிறார்கள். வலிக்குப் பயந்து அம்மாவும் கேட்கிறார். கொடுக்கலாமா? – வாசகர், உசிலம்பட்டி

பதில்: வேண்டாம். அதை நம்பி ஒரு வேளை ஊசியைக்கூட நிறுத்தாதீர்கள்.

பெப்டைடு என்பது புரதத்தின் சின்னத் துண்டு மாதிரி. செல்லுக்குள் ஊடுருவும் பெப்டைடு இருப்பது உண்மைதான். சொட்டு விற்கும் ஏஜென்டுகளுக்கு அதுதான் வசதி. எச்.ஐ.வி. வைரஸின் ‘டாட்’ புரதம் தானாகவே செல்லுக்குள் நுழைவதை 1988-இல் கண்டுபிடித்தார்கள். அதில் ஒரு சின்னத் துண்டே இந்த வேலைக்குப் போதும். துண்டில் நேர் மின்னூட்டம், செல்லின் மேற்பரப்பில் எதிர் மின்னூட்டம். போய் ஒட்டிக்கொள்கிறது. செல் தன் சவ்வைச் சிறு பையாக மடித்து அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. கூடவே இன்சுலினையும் கடத்திவிடலாம் என்பதுதான் கணக்கு.

சிக்கல் அதற்கப்புறம். உள்ளே போனதில் பெரும்பகுதி அந்தப் பைக்குள்ளேயே சிக்கிச் சிதைந்துவிடும். இன்சுலினோ குடல் செல்லுக்குள் நுழைந்தால் மட்டும் போதாது, மறுபக்கமாக வெளியேறி ரத்தத்தில் சேர வேண்டும். வாசல் வழியே வந்தவர் கொல்லைப்பக்கம் போகாமல் நடுவீட்டிலேயே படுத்துவிட்ட கதைதான். இவ்வளவும் குடல்வரை தப்பி வந்தால்! இன்சுலின், பெப்டைடு இரண்டையுமே வயிற்று அமிலமும் செரிமான நொதிகளும் வெட்டிப்போடும். ஆய்வகத்தில் எலிகளுக்கு ஓரளவு பலித்திருக்கிறது. மருந்துக்கடைக்கு இப்படி ஒரு இன்சுலின் இன்னும் வரவில்லை.

‘சர்க்கரைக்கு செமாகுளூடைடு என்ற மருந்து மாத்திரையாகவே வந்துவிட்டதே, அதுவும் பெப்டைடுதானே?’ என்று மடக்குவார்கள். வந்திருக்கிறது, 2019-இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். ஆனால் அது இன்சுலின் அல்ல. அதைக் கடத்திவிடுவதும் ஊடுருவும் பெப்டைடு அல்ல, ‘ஸ்னாக்’ என்ற உப்பு. இரைப்பைச் சுவரருகே கொஞ்ச நேரம் அமிலத்தைத் தணித்து வழிவிடும். அப்படியும் விழுங்கியதில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான் ரத்தத்தில் சேரும். அதற்கே வெறும் வயிற்றில் அரை டம்ளர் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி நேரம் காப்பிகூடத் தொடக்கூடாது. இந்தச் சொட்டையோ சாப்பாட்டுக்கு முன்போ பின்போ எப்போது வேண்டுமானாலும் குடிக்கலாமாம்.

பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். மருந்து உற்பத்தி உரிம எண் இருக்காது. உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண்தான் இருக்கும். அதாவது சட்டப்படி அது உணவுப்பொருள். சர்க்கரையைக் குணமாக்குவோம் என்று விளம்பரம் செய்யவே 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தடை உண்டு. இருந்தும் பஸ் ஸ்டாண்டுச் சுவரெல்லாம் போஸ்டர். மருந்துத் துறையில் புகார் கொடுத்தால் ‘இது மருந்தில்லை, உணவுத் துறைக்குப் போங்க’. அங்கே போனால் ‘குணமாகும்னு சொல்றாங்கன்னா மருந்துதானே, இங்கே எதுக்கு வந்தீங்க?’ நானே அலைந்திருக்கிறேன். அரசு ஆஸ்பத்திரியில் இன்சுலின் இலவசம். அதை விட்டுவிட்டு இவர்களுக்குக் காசு அழ வேண்டுமா?

சரி, அம்மாவின் வலிக்கு வருவோம். ஒரே ஊசியைப் பல நாள் போட்டால் முனை மழுங்கும், வலிக்கும். பேனா ஊசி என்றால் 4 மி.மீ. நீளமுள்ளதாகக் கேளுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் குத்தினாலும் சுரீர் என்றிருக்கும். தினமும் ஒரே இடத்தில் போடாமல் மாற்றிப் போடச் சொல்லுங்கள். வயிற்றைத் தடவிப் பாருங்கள். ரப்பர் மாதிரிக் கட்டி தட்டுப்பட்டால் அங்கே மருந்து சரியாக ஏறாது. இடத்தை மாற்றும்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம், அதனால் அளவை டாக்டரிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.