மட்டக்களப்பில் அப்பாவைப் போற்ற என்று தனி நாள் உண்டா?

உண்டு. காலமான தந்தைக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திரா பௌர்ணமி. 1910இல் அமெரிக்காவில் தொடங்கிய தந்தையர் தினமும் இப்போது இங்கே வந்துவிட்டது. அது கேக், வாழ்த்தோடு சரி.

ஆடி அமாவாசையன்று அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தம். காலையிலிருந்தே குளத்தைச் சுற்றிச் சனம் நிரம்பிவிடும். விரலில் தர்ப்பை மோதிரத்தோடு ஐயர் முன்னால் உட்கார்ந்து, அப்பா பெயரையும் அப்பப்பா பெயரையும் வாய்விட்டுச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடுவார்கள். எத்தனை பேருக்கு அந்த இடத்தில் குரல் உடைந்துபோகும்! அப்புறம் குளத்தில் முழுகி, வீட்டில் மரக்கறிச் சோறு படைத்து, காகத்துக்கு வைத்த பிறகுதான் சாப்பாடு. அம்பாறைப் பக்கம் திருக்கோவிலில் கடல் தீர்த்தம்.

அப்பா இருப்பவர்கள் இந்த விரதம் பிடிப்பதில்லை. அவர்களுக்குச் சித்திரை வருடப்பிறப்பு இருக்கிறது. மூலிகைகள் போட்டுக் காய்ச்சிய மருத்துநீரைத் தலையில் வைத்து முழுகி, புது உடுப்போடு அப்பாவின் காலில் விழுந்து கும்பிட்டால், வெற்றிலையில் காசு வைத்துக் கைவிசேடம் தருவார். உழைக்கிற பிள்ளைகளும் கைநீட்டி வாங்குவார்கள். அந்தக் காசைச் செலவழிக்க மனம் வராமல் அலுமாரிக்குள் வைத்திருப்பவர்களும் உண்டு.