ஐயர் ஏன் திருவிருந்து தரவில்லை? லுத்தரன் கேள்வி பதில்

நான் குருவானவர் (எங்கள் வழக்கில் ஐயர்) இல்லை. 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் சபையைச் சீர்திருத்திய மார்ட்டின் லுத்தரின் வழிவந்த லுத்தரன் சபையில், திருவிருந்தில் (அப்பமும் திராட்சரசமும் பெறும் சடங்கில்) சேருமுன் பிள்ளைகளுக்கு விசுவாசம் கற்பிக்கும் திடப்படுத்தல் வகுப்பை இருபது வருஷமாக எடுத்த சாதாரண சபையான். பழைய போதனையின் பக்கம் சாய்ந்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வந்த கேள்விகளில் அடிக்கடி வந்தவை இவை.

லுத்தரன் என்றாலே லுத்தரன்தானே ஐயா? அதில் என்ன 'கன்சர்வேடிவ் லுத்தரன்'?

நகை போடாதே, சினிமா பார்க்காதே என்கிற சமாச்சாரம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அமெரிக்காவில் கன்சர்வேடிவ் லுத்தரன்கள் ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போய் நிம்மதியாக பீர் குடிப்பார்கள்.

வித்தியாசம் ஒரே ஒரு சொல்லில் இருக்கிறது. லுத்தர் கேள்வி பதிலாக எழுதிய போதனை நூலான சிறிய ஞானோபதேசம் (1529), அவுக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை (1530) முதலியவற்றைச் சேர்த்து 1580இல் ஒரே தொகுப்பாக்கினார்கள். குருப்பட்டம் பெறுகிறவர் அதற்கு உடன்படுவதாக வாக்குக் கொடுக்க வேண்டும். "இது வேதத்தோடு ஒத்துப்போகிற அளவுக்கு ஏற்கிறேன்" என்பது ஒரு வகை. "இது வேதத்தோடு ஒத்துப்போகிறது, ஆகையால் ஏற்கிறேன்" என்பது இன்னொரு வகை. 'அளவுக்கு' என்று சேர்த்துக்கொண்டால் எந்தப் புத்தகத்துக்கும் கையெழுத்துப் போடலாம். 'ஆகையால்' என்று சொன்னால் தப்பிக்க வழி கிடையாது.

இந்தச் சொல்லுக்காக ஊரை விட்டுப் போனவர்கள் உண்டு. ஜெர்மனியின் சாக்சனியில் பகுத்தறிவுவாதப் பிரசங்கம் பொறுக்காமல் 1838இல் ஒரு கூட்டம் ஐந்து கப்பல்களில் அமெரிக்காவுக்குக் கிளம்பியது. அமாலியா என்ற கப்பல் போய்ச் சேரவே இல்லை. பிழைத்தவர்கள் போட்ட அடித்தளத்தில்தான் 1847இல் மிசௌரி சினாடு என்ற அமெரிக்கக் கன்சர்வேடிவ் லுத்தரன் சபை எழுந்தது.

தஞ்சாவூரில் டி.இ.எல்.சி. (தமிழ் சுவிசேஷ லுத்தரன் சபை), எங்கள் ஆம்பூரில் ஐ.இ.எல்.சி. (இந்திய சுவிசேஷ லுத்தரன் சபை). நமக்குள் ஏன் இரண்டு?

டி.இ.எல்.சி. தரங்கம்பாடிப் பாரம்பரியம். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706இல் வந்து இறங்கியது, பிறகு ஜெர்மனியின் லைப்சிக் மிஷன், 1919இல் தனிச் சபை. உங்கள் சபையின் வேர் அதே லைப்சிக் மிஷனிலிருந்து வெளியேறியதுதான். நேத்தர், மோன் என்ற இரண்டு மிஷனரிகள், வேதத்தில் பிழை இருக்கலாம் என்ற கருத்துக்கு மிஷன் இடம் கொடுக்கிறது என்று சண்டை பிடித்து வேலையை இழந்தார்கள். மிசௌரி சினாடு அவர்களைச் சேர்த்துக்கொண்டு திருப்பி அனுப்பியது. 1895இல் கிருஷ்ணகிரி, அப்புறம் ஆம்பூர். 1958இல் அது ஐ.இ.எல்.சி. ஆனது. டி.இ.எல்.சி.யில் பேராயர், ஐ.இ.எல்.சி.யில் தலைவர் என்பதெல்லாம் பிற்பாடு வந்த வித்தியாசம்.

வேதத்தில் பிழையே இல்லை என்கிறீர்கள். லுத்தரே யாக்கோபு நிருபத்தை வைக்கோல் என்றாரே?

சொன்னார், 1522 புதிய ஏற்பாட்டு முன்னுரையில். பிந்திய பதிப்புகளில் அந்த வரி இல்லை. ஆனாலும் மழுப்ப மாட்டேன்: எபிரெயர், யாக்கோபு, யூதா, வெளிப்படுத்தல் நான்கையும் கடைசியில் தள்ளித்தான் வைத்தார். ஆதிச்சபையிலேயே இவற்றைப் பற்றிக் கேள்வி இருந்தது. எது வேதம் என்று கேட்பது ஒன்று, வேதம் என்று ஏற்றதில் பிழை தேடுவது வேறொன்று.

இரண்டாவதுதான் மிசௌரி சினாடின் குருமார் பயிற்சிக் கல்லூரியான செயின்ட் லூயிஸ் கன்கார்டியா செமினரியை 1974இல் உடைத்தது. செமினரித் தலைவரை இடைநீக்கம் செய்ததும், பிப்ரவரியில் பேராசிரியர்களிலும் மாணவர்களிலும் பெரும்பான்மையோர் வெளிநடப்பு செய்தார்கள். புல்வெளியில் தங்கள் பெயர் எழுதிய வெள்ளைச் சிலுவைகளை நட்டுவிட்டுப் போனார்கள். சினாடு செய்தது சரி என்பது என் எண்ணம். அந்தச் சிலுவைகளின் படத்தைப் பார்த்தால் இன்றும் சந்தோஷப்பட முடியவில்லை.

என் தங்கை பெந்தெகொஸ்தே சபையில் வாழ்க்கைப்பட்டவள். பண்டிகைக்கு வந்தபோது ஐயர் அவளுக்குத் திருவிருந்து தரவில்லை. எல்லார் முன்னாலும் அவமானம். இது என்ன அன்பு?

அம்மா, வருத்தம் புரிகிறது. இதே காரியம் என் மருமகனுக்கும் நடந்தது. முந்தின நாளே வீட்டுக்கு வந்து பேசியிருந்தால் போதும். பலிபீடத்தண்டையில் முழங்கால்படியிட்ட ஆளைத் தாண்டிப் போனது தவறு. முறையில் தவறு, போதனையில் இல்லை.

1529 அக்டோபரில் ஜெர்மனியின் மார்பர்க்கில் லுத்தரும் சுவிஸ் சீர்திருத்தக்காரர் ஸ்விங்லியும் உட்கார்ந்து பேசினார்கள். அப்பம் கிறிஸ்துவின் சரீரத்துக்கு அடையாளம் மட்டுமே என்பது ஸ்விங்லியின் கட்சி. லுத்தர் மேஜைமேல் "இது என் சரீரம்" என்று லத்தீனில் சாக்பீஸால் எழுதி வைத்துக்கொண்டார். கடைசிவரை அந்தச் சொல்லிலிருந்து நகரவில்லை. அப்பத்தில், அப்பத்தோடு, அப்பத்தின் கீழ் மெய்யாகவே சரீரம் என்பது நம் போதனை. உங்கள் தங்கையின் சபையில் அது வெறும் நினைவுகூருதல். சரீரம் இன்னதென்று நிதானித்து அறியாமல் உண்பதைப் பவுல் 1 கொரிந்தியர் 11இல் எச்சரிக்கிறார். இரண்டு வீட்டாரும் ஒரே தட்டில் கை வைத்துக்கொண்டு வேறு வேறு பொருளை எடுப்பதாக நம்பினால் அதற்குப் பெயர் ஐக்கியம் இல்லை.

பெண்கள் போதகராகலாமா?

டி.இ.எல்.சி.யில் பெண் குருமார் உண்டு. மிசௌரி சினாடில் கிடையாது, 1969 முதல் சபைக்கூட்டத்தில் ஓட்டுரிமை மட்டும் உண்டு. இது முழுக்க அமெரிக்கச் சங்கதி என்று நினைக்காதீர்கள். பெண்களுக்கு ஏற்கனவே பட்டம் கொடுத்திருந்த லாத்வியா சபை, 2016 சபை மாமன்றக் கூட்டத்தில் ஆண்களுக்கு மட்டும் என்று சட்டமே திருத்தியது. உபதேசம் பண்ண பெண்ணுக்கு இடமில்லை என்கிற 1 தீமோத்தேயு 2ஐ நான் பழைய முறையில்தான் வாசிக்கிறேன். ஆனால் எனக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தது ஒரு டீச்சரம்மா. எந்தக் குருவானவரிடமும் அவ்வளவு கற்றதில்லை.

போதனை போதனை என்கிறீர்களே, சாதியைப் பற்றி உங்கள் ஆட்கள் வாய் திறப்பதில்லையே?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். தரங்கம்பாடி மிஷனில் ராஜநாயக்கன் என்று ஒரு உபதேசியார் (பட்டம் பெறாமல் போதிக்கும் ஊழியர்), பறையர் குலம். தஞ்சாவூர்ச் சீமையில் ஓயாமல் உழைத்தவர். அவருக்குக் குருப்பட்டம் கொடுக்கும் பேச்சு 18ஆம் நூற்றாண்டில் எழுந்தபோது மற்ற சாதியார் அவர் கையால் திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்று மிஷனரிகள் பின்வாங்கினார்கள். பட்டம் கிடைக்கவே இல்லை.

இப்போது அவுக்ஸ்பர்க் அறிக்கையின் 8ஆம் பிரிவைத் திறந்து பாருங்கள். கொடியவன் கையால் கொடுக்கப்பட்டாலும் சாக்கிரமெந்து (திருவிருந்து போன்ற திருச்சடங்கு) செல்லும், அதன் பலன் கிறிஸ்துவின் கட்டளையில் இருக்கிறது, கொடுக்கிறவனில் இல்லை என்கிறது. கொடியவன் கையே தீட்டில்லை என்றால் ராஜநாயக்கன் கை எப்படித் தீட்டாகும்? 'ஆகையால்' என்று வாக்குக் கொடுத்தவர்கள் அந்த இடத்தில் மட்டும் 'அளவுக்கு' என்று நழுவினார்கள். பெண் பார்க்கும்போதும், சபைத் தேர்தலில் ஓட்டு எண்ணும்போதும் இன்றும் நழுவுகிறோம். பெண் குருமார் பற்றி மணிக்கணக்கில் வாதாடும் என் நண்பர்கள் இந்த 8ஆம் பிரிவு வந்ததும் டீ குடிக்க எழுந்துவிடுகிறார்கள்.

ஆராதனையில் டிரம்ஸ் வைக்கலாமா?

வைக்கலாம் தம்பி. வேதம் கட்டளையிடவும் இல்லை, தடுக்கவும் இல்லை. பாட்டில் கிறிஸ்து என்ன செய்தார் என்று இருக்கிறதா, 'நான், நான்' என்று மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் சபையில் டிரம்ஸ் வாசிக்கிற பையன் பாவ அறிக்கை முடிவதற்குள் சிம்பலைத் தட்டிவிடுவான். அதை மட்டும் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.