ஜூரியிடம் போகும் முன் வழக்கைச் சோதிப்பது எப்படி? – கேள்வி பதில்

அமெரிக்க நீதிமன்றங்களில் ஜூரி, அதாவது தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு, முன் போகும் வழக்குகளை, விசாரணைக்கு முன்பே பொதுமக்கள் சிலரிடம் சொல்லிச் சோதித்துப் பார்ப்பது என் தொழில். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கார்த்திக், டாலஸ்: அக்கா, சட்டப் படிப்பு முடிக்கப் போகிறேன். ஜெயிப்போமா தோற்போமா என்று தெரிந்துகொள்ளத்தானே ஒத்திகை விசாரணை நடத்துகிறார்கள்?

இல்லை தம்பி. அதற்காக நடத்தினால் பணம் வீண். வாரக்கணக்கில் நடக்கப்போகும் விசாரணையை ஒரே நாளில் சுருக்கிச் சொல்லி, இரண்டு மூன்று குழுக்களின் முடிவைக் கேட்கிறோம். அதை வைத்து நிஜமான தீர்ப்பைக் கணிக்க முடியாது. இழப்பீட்டுத் தொகையோ இன்னும் மோசம். ஒரே வாதத்தைக் கேட்ட இரண்டு குழுக்கள் மலைக்கும் மடுவுக்குமாகத் தொகை சொல்வதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் வழக்கில் எந்தப் பிரச்சினை கனமானது, எது ஒன்றுமில்லாதது என்பது அங்கே பளிச்சென்று தெரிந்துவிடும். ஒரு லாரி விபத்து வழக்கு. காயம்பட்டவர் எங்கள் கட்சிக்காரர். லாரியின் பிரேக்கைப் பராமரித்த பதிவேடுகள்தான் உயிர்நாடி என்று வழக்கறிஞர்கள் நம்பியிருந்தார்கள். அதற்கென்றே நிபுணர் சாட்சிகளைத் தயார் செய்திருந்தார்கள். ஒத்திகை முடிந்து குழு தனியாகப் பேசியபோது பக்கத்து அறையில் திரையில் பார்த்துக்கொண்டிருந்தோம். பிரேக் பேச்சு சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. பிறகு, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவர் கேட்டார்: "விடியற்காலை நான்கு மணிக்கு இந்த மனிதர் ரோட்டில் என்ன செய்துகொண்டிருந்தார்?" அவ்வளவுதான். குடித்திருப்பாரோ, தூங்கி வழிந்திருப்பாரோ என்று மீதி நேரம் முழுக்க அதே பேச்சு.

அவர் மருத்துவமனையில் இரவுப் பணி முடித்து வீடு திரும்பிக்கொண்டிருந்தார். பணி முடிந்த நேரம் காட்டும் அட்டை எங்கள் கோப்பிலேயே இருந்தது. அதைச் சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நான்சி பென்னிங்டன், ரீட் ஹேஸ்டி என்ற ஆய்வாளர்கள் காட்டியதும் இதுதான்: ஜூரிகள் சாட்சியங்களைத் தனித்தனியாக எடைபோட்டுக் கூட்டுவதில்லை, அவற்றைக் கோத்து ஒரு கதையாக்கிக்கொள்கிறார்கள். கதையில் ஓட்டை இருந்தால் தாங்களே எதையாவது வைத்து அடைக்கிறார்கள். எங்கள் தொடக்க உரை அதன் பிறகு அந்த அட்டையிலிருந்து தொடங்கியது.

சுபா, அட்லாண்டா: இந்த முறை எப்போது தொடங்கியது?

பரவலாகச் சொல்லப்படும் தொடக்கம், 1972-இல் பென்சில்வேனியாவின் ஹாரிஸ்பர்க் நகரில் நடந்த வழக்கு. வியட்நாம் போரை எதிர்த்த பாதிரியார்கள், கன்னியாஸ்திரீகள் உள்ளிட்ட ஏழு பேர், அதிபரின் பாதுகாப்பு ஆலோசகர் ஹென்றி கிஸிஞ்சரைக் கடத்தச் சதி செய்ததாக அரசு குற்றம்சாட்டியது. ஊரோ பழமைவாத ஊர். ஜே ஷுல்மன் என்ற சமூகவியலாளரும் உளவியலாளர் ரிச்சர்ட் கிறிஸ்டியும், எப்படிப்பட்டவர்களை ஜூரியில் தேர்ந்தெடுப்பது என்று அறிய, நண்பர்களோடு அந்த வட்டாரத்தில் 840 பேரிடம் தொலைபேசியில் பேசினார்கள். அவர்களில் 252 பேரிடம் நேரில் விரிவாகக் கேட்டார்கள். நன்றாகப் படித்தவர்கள் போர் எதிர்ப்பாளர்களுக்குச் சாதகமாக இருப்பார்கள் என்பது வழக்கறிஞர்களின் நம்பிக்கை. அந்த ஊரில் அது தலைகீழாக இருந்தது. முக்கியக் குற்றச்சாட்டில் ஜூரி பத்துக்கு இரண்டு என்று விடுதலைப் பக்கம் சாய்ந்து, ஒருமித்த முடிவில்லாமல் கலைந்தது.

எனக்கு இந்த வழக்கின் பாடம் எண்ணிக்கையில் இல்லை. இருபது ஆண்டு அனுபவமுள்ள வழக்கறிஞரின் ஊகமும் ஊகம்தான். கேட்டுப் பார்த்தால் பொய்யாகலாம்.

ராஜேஷ், சான் ஹோசே: மெக்டொனால்ட்ஸ் காப்பி வழக்கு போன்ற ஒன்றை எப்படிச் சோதிப்பீர்கள், மேடம்?

நல்ல எடுத்துக்காட்டு. மெக்டொனால்ட்ஸில் வாங்கிய காப்பி தன் மேல் கொட்டிச் சுட்டதற்கு ஒரு மூதாட்டி அந்த நிறுவனத்தின் மேல் தொடுத்த வழக்கு அது. காப்பி என்றால் சுடத்தான் செய்யும், தன் மேலேயே கொட்டிக்கொண்டு வழக்கா என்பதுதான் எவருக்கும் முதலில் தோன்றும். இதை ஒத்திகைக்குக் கொண்டுவந்தால் நான் தகவல்களைப் படிப்படியாகத்தான் அவிழ்ப்பேன். முதலில் விபத்து மட்டும். பிறகு, 79 வயது மூதாட்டிக்குத் தோல் ஒட்டு அறுவை சிகிச்சை தேவைப்பட்டது என்பது. பிறகு, காப்பி 180 முதல் 190 டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டில் விற்கப்பட்டது. கடைசியாக, அதற்கு முன்பே சுமார் 700 புகார்கள் நிறுவனத்துக்குப் போயிருந்தன என்பது. ஒவ்வொரு படியிலும் ஒவ்வொருவரும் தன் கருத்தைத் தனித்தாளில் எழுதவேண்டும், பக்கத்தில் இருப்பவரோடு பேசும் முன்பே. எந்தப் படியில் மனம் மாறுகிறது என்பதுதான் எனக்கு வேண்டியது.

1994-இல் அல்புகெர்க்கியில் நிஜ ஜூரி மூதாட்டி மீதும் 20 சதவீதத் தவறைச் சுமத்தி, 2 லட்சம் டாலர் இழப்பீட்டை 1,60,000 ஆகக் குறைத்தது. அதற்கு மேல் 27 லட்சம் டாலர் தண்டனை இழப்பீடு. அதை நீதிபதி 4,80,000 ஆக வெட்டினார் என்பதை ஏனோ பலரும் சொல்வதில்லை. தண்டனை இழப்பீடு என்பது நிறுவனத்தின் நடத்தைக்கு விதிப்பது. ஆகவே அந்த 700 புகார்கள் இல்லாமல் இந்த வழக்கை நினைத்துப் பார்க்கவே முடியாது.

பெயர் வேண்டாம், ஹூஸ்டன்: ஒத்திகையில் எதிர்த்தரப்புக்காக யார் வாதாடுவது?

உங்கள் அலுவலகத்தின் மிகச் சிறந்த வழக்கறிஞர். தயங்கவே வேண்டாம். புதிதாகச் சேர்ந்தவரை எதிர்த்தரப்புக்கு நிறுத்தி, தானே தன் தரப்பை வாதாடி, கைதட்டு வாங்கிக்கொண்டு போகும் மூத்தவர்கள் உண்டு. அவர்கள் ஒன்றும் கற்றுக்கொள்வதில்லை. எந்தத் தரப்பு பணம் கொடுக்கிறது என்பதும் குழுவுக்குத் தெரியக்கூடாது. ஆட்கள் வழக்கு நடக்கும் அதே கவுன்டியையோ (மாவட்டம் போன்றது), அதற்கு ஒத்த வட்டாரத்தையோ சேர்ந்தவர்களாக இருக்கவேண்டும். ரகசியம் காப்பதாக எழுதிக்கொடுக்கவேண்டும்.

மீனா, சிகாகோ: இது பணக்காரத் தரப்புக்கு மட்டும் கிடைக்கும் ஆயுதம் இல்லையா?

உண்மைதான், மறுக்கமாட்டேன். பெரிய நிறுவனங்கள் பல நாட்கள் ஒத்திகை நடத்துகின்றன. கூலி வேலைக்காரரின் வழக்கறிஞர் ஒரு சனிக்கிழமை மாலை நூலக அறையில் எட்டுப் பேரைக் கூட்டுகிறார். ஆனால் அந்த எட்டுப் பேரிடம் "இன்னும் என்ன தெரிந்தால் முடிவெடுக்க முடியும்?" என்று கேட்டாலே பாதிப் பலன் கிடைத்துவிடும். செலவில்லாத கேள்வி அது.

எல்லைகளும் இருக்கின்றன. ஜூரியைத் தேர்ந்தெடுக்கும்போது இனத்தைக் காரணமாக வைத்து யாரையும் விலக்கக்கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1986-இல் பேட்சன் வழக்கில் சொன்னது. 1994-இல் பாலினத்துக்கும் அதையே சொன்னது. ஆய்வு என்ன சொன்னாலும் சரி, அந்தக் கோட்டைத் தாண்ட ஆலோசனை கேட்பவர்களுக்கு நான் வேலை செய்வதில்லை.

தயாபரன், யாழ்ப்பாணம்: எங்கள் இலங்கையிலும் யூரர் (ஜூரி) விசாரணை உண்டு. இந்த ஆய்வு அங்கே உதவுமா?

நடராஜா ரவிராஜ் கொலை வழக்கை நினைத்துத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன், ஐயா. 2006-இல் கொழும்பில் கொல்லப்பட்ட தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர். 2016 டிசம்பரில் சிங்கள மொழி பேசும் யூரர்கள் குற்றம்சாட்டப்பட்டவர்களை விடுவித்தார்கள். எந்த மொழிப் பட்டியலிலிருந்து யூரர்கள் வரவேண்டும் என்பதைக் குற்றம்சாட்டப்பட்டவரே தேர்ந்தெடுக்கலாம் என்பது அங்குள்ள சட்டம். அப்படிப்பட்ட இடத்தில் எந்தச் சாட்சியத்தை முன்னே வைப்பது என்று ஆராய்வது இரண்டாம்பட்சம். பேட்சன் தீர்ப்பு போன்ற ஒரு காப்பு முதலில் வேண்டும். அதற்கு மாற்றாக என் தொழிலை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

கார்த்திக் மறுபடியும்: எப்போது நடத்துவது நல்லது, அக்கா?

விசாரணைக்கு முன்பே எடுக்கும் சாட்சி வாக்குமூலங்கள் பெரும்பாலும் பதிவான பிறகு. ஆனால் ஆவணங்களும் சாட்சிகளும் சேர்க்க நீதிமன்றம் கொடுத்த கெடு முடிவதற்கு முன். விசாரணைக்கு முந்தைய வாரம் நடத்துகிறவர்கள் பலர். ஓட்டை எங்கே என்று தெரியும், அடைக்கத்தான் நேரம் இருக்காது.