செஸ்னா டயரை எப்போது மாற்றுவது?

செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் பயிற்சி எடுக்கிறேன். மெயின் டயரில் ஒரே இடத்தில் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது. பறக்கலாமா சார்?

பிரேக்கை அழுத்தியபடி இறங்கியிருக்கிறீர்கள். நீங்கள் இல்லையென்றால் உங்களுக்கு முன்னால் பறந்தவர். சக்கரம் சுழலாமல் ஓடுபாதையில் இழுபட்ட தடம் அது. அந்த இடத்தில் டயரின் மேல் ஓடும் கோட்டுப் பள்ளம் அடிவரை தேய்ந்திருந்தால், மீதி டயர் புத்தம் புதிதாக இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். ரப்பருக்குள் இருக்கும் நைலான் நூல் தெரிந்தால் பேச்சே இல்லை. பள்ளம் மிச்சமிருந்து, ஓடும்போது உதறலும் இல்லையென்றால் ஓட்டலாம்.

ஒன்று, டயரின் மேல்பாதி சக்கர மூடிக்குள் ஒளிந்திருக்கும், அடிப்பக்கம் தரையில். விமானத்தைத் தள்ளி, சக்கரத்தை ஒரு முழுச் சுற்று உருட்டிப் பாருங்கள். ஒருமுறை தள்ளச் சொல்லிவிட்டுக் குனிந்திருந்தேன். மூடிக்குள்ளிருந்து உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை நூல் இறங்கி வந்தது. அன்று காலை அதே விமானம் 2 தடவை பறந்திருந்தது!

பள்ளம் கொஞ்சம்தான் மிச்சம். மழைக்காலம் தாங்குமா?

விதிப்படி தாங்கும். நானாக இருந்தால் மழைக்கு முன்பே மாற்றிவிடுவேன். தேங்கிய நீரில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை (பிஎஸ்ஐ அளவில்) 9-ஆல் பெருக்கினால், விமான வேகத்தை அளக்கும் நாட் கணக்கில் வரும். 172எஸ் மெயின் டயருக்கு 42 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 58 நாட். காற்று 30-க்கு இறங்கியிருந்தால் 49-லேயே மிதக்கும். டயரைக் குறை சொல்லுமுன் காற்றைப் பாருங்கள்.

பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள்?

வெயிலில் நிற்கும் விமானத்துக்கு அது சகஜம். நூல் தெரியாதவரை கவலை வேண்டாம்.

கல் கிழித்திருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் விட்டு ஆழம் பார்க்கலாமா?

காற்று இருக்கும்போது வேண்டவே வேண்டாம். குத்தி நிற்கும் ஆணியையும் அப்போது பிடுங்காதீர்கள். காற்றை இறக்கிவிட்டுப் பாருங்கள். வெட்டு நூல்வரை போயிருந்தால் டயர் குப்பைக்கு.

டயர் ஓரிடத்தில் உப்பியிருக்கிறது.

உடனே கழற்றிவிடுங்கள். ஆனால் காற்றை இறக்கும் முன் சாக்பீஸால் அதைச் சுற்றி வட்டம் போடுங்கள். காற்று போனதும் வீக்கம் அமுங்கிவிடும், எங்கே என்று அப்புறம் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

டயர் மட்டும் புதிது போட்டால் போதாதா? டியூப் நன்றாகத்தானே இருக்கிறது?

பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஓடி ஓடி டியூப் பெருத்துவிடும். புது டயருக்குள் திணித்தால் மடிப்பு விழும், அந்த மடிப்பிலேயே உரசிக் கிழியும். இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள்.