கணினிக் கேள்வி-பதில்: பத்தி எண் மறுபடி 1-லிருந்து தொடங்க…

கேள்வி: வேர்டில் கோர்ட் மனுக்கள் தட்டச்சு செய்து தருகிறேன். பிரமாண வாக்குமூலத்தில் பத்திகள் 14 வரை போகின்றன. அதே கோப்பில் அடுத்து வரும் மனு 1-லிருந்து தொடங்க வேண்டும். ஆனால் 15 என்று வருகிறது. கையால் திருத்தலாம் என்றால் எண்ணுக்குள் கர்சர் போகவே மாட்டேன் என்கிறது. — தட்டச்சர், திண்டுக்கல்

பதில்: அந்த 15 நீங்கள் அடித்த எழுத்து அல்ல, வேர்டு எண்ணிக் காட்டுவது. அதனால்தான் கர்சர் உள்ளே போவதில்லை. முதலில் 15-ன் மேல் ஒருமுறை கிளிக் செய்யுங்கள். 1 முதல் கடைசிப் பத்தி வரை எல்லா எண்களும் ஒன்றாகச் சாம்பல் நிறம் பூசிக்கொள்ளும். அத்தனையும் ஒரே பட்டியல் என்று பொருள். இப்போது அதே 15-ன் மேல் வலது கிளிக் செய்து 'ரீஸ்டார்ட் அட் 1' கொடுங்கள். 15 இருந்த இடத்தில் 1 வரும். கீழே உள்ளவை 2, 3 என்று தாமே மாறும். மறுபடி அந்த 1-ஐக் கிளிக் செய்து பாருங்கள். சாம்பல் நிறம் மனுவின் பத்திகளில் மட்டும் தெரிந்தால் பட்டியல் ஒழுங்காகப் பிரிந்துவிட்டது.

வேறு எண்ணிலிருந்து தொடங்க அதே மெனுவில் 'செட் நம்பரிங் வேல்யூ' போய், 'ஸ்டார்ட் நியூ லிஸ்ட்' தேர்ந்தெடுத்து, 'செட் வேல்யூ டு' கட்டத்தில் எண்ணைக் கொடுங்கள். நடுவே எண் இல்லாத ஒரு பத்தி வந்து, அதற்குப் பிறகு எண் தவறுதலாக 1-க்குத் திரும்பிவிட்டால் 'கன்டினியூ நம்பரிங்' போதும். இந்த வரிகள் எதுவுமே மெனுவில் இல்லையா? அந்த எண் கையால் அடிக்கப்பட்டது. அதை அழித்துவிட்டு நம்பரிங் பட்டனை அழுத்துங்கள்.

ஒரு எச்சரிக்கை. எண்கள் மாறியதும் "மேலே பத்தி 9-ல் கூறியபடி" போன்ற வரிகள் பழைய எண்ணிலேயே நிற்கும். அந்த 9-ஐக் கையால் அடிக்காமல், 'ரெஃபரன்சஸ்' டேபில் 'கிராஸ்-ரெஃபரன்ஸ்' திறந்து, 'நம்பர்டு ஐட்டம்', 'பாராகிராஃப் நம்பர்' என்று தேர்ந்தெடுத்து நுழைத்திருந்தால், கன்ட்ரோல்+ஏ, பிறகு எஃப்9 அழுத்தியதும் எல்லாம் புது எண்ணுக்கு மாறிவிடும். தானாக மாறாது, எஃப்9 அவசியம். சுட்டிய பத்தியையே அழித்திருந்தால் அந்த இடத்தில் 'எரர்' என்று தொடங்கும் ஆங்கில வரி வந்து உட்கார்ந்துகொள்ளும். பிரிண்ட் கொடுக்கும் முன் 'எரர்' என்று ஒருமுறை தேடிவிடுங்கள்.

கேள்வி: 11 பகுதிகள் உள்ள ஒரு கையேடு. ஒவ்வொரு பகுதியிலும் பத்தி எண் 1-லிருந்து தொடங்க வேண்டும். வலது கிளிக் முறையில்தான் செய்தேன். பத்திகளை இடம் மாற்றினால் 4-க்கும் 5-க்கும் நடுவில் 12 வந்து நிற்கிறது. — பயிற்சி மையப் பொறுப்பாளர், திருநெல்வேலி

பதில்: வலது கிளிக் ஓரிரு இடங்களுக்கு மட்டுமே ஏற்றது. பதினொரு பகுதிகளுக்கு அதை நம்பினால் கோப்பு கட்டாயம் குழம்பும். ஒவ்வொரு 'ரீஸ்டார்ட்'டும் கோப்புக்குள் ஒரு புதுப் பட்டியலை உண்டாக்குகிறது. பத்தியை வெட்டி ஒட்டும்போது சில நேரம் அது தன் பழைய பட்டியலையும் சுமந்துகொண்டு வரும். மூன்றாம் பகுதியில் 12 பத்திகள் இருந்து, ஒன்றை ஐந்தாம் பகுதிக்குக் கொண்டுபோனால், அது மூன்றாம் பகுதியின் கடைசி ஆளாகவே தன்னை எண்ணிக்கொள்கிறது. உங்கள் 12 அதுதான்.

எண் தொடங்குவதைப் பகுதித் தலைப்போடு கட்டிவிடுங்கள். முதல் தலைப்பில் கர்சரை வைத்து, 'ஹோம்' டேபில் 'மல்டிலெவல் லிஸ்ட்' பட்டன், அதில் 'டிஃபைன் நியூ மல்டிலெவல் லிஸ்ட்'. பெட்டி திறந்ததும் கீழே 'மோர்' பட்டனை அழுத்த மறக்காதீர்கள். வேண்டியவை பாதி அதற்குள்தான் ஒளிந்திருக்கின்றன. இடப்பக்கம் லெவல் 1-ஐத் தேர்ந்தெடுத்து, 'லிங்க் லெவல் டு ஸ்டைல்' என்ற இடத்தில் 'ஹெடிங் 1' கொடுங்கள். எண் காட்டும் கட்டத்தில் இருக்கும் 1-க்கு முன்னால் 'பகுதி' என்று தமிழிலேயே அடிக்கலாம்.

அடுத்து லெவல் 2. அதன் கட்டத்தில் இருப்பதை முழுவதும் அழித்துவிட்டு, 'நம்பர் ஸ்டைல் ஃபார் திஸ் லெவல்' பட்டியலில் 1, 2, 3 வகையைத் தேர்ந்தெடுங்கள். கட்டத்தில் சாம்பல் பின்னணியோடு ஒரு எண் வரும். அதன் பின்னால் ஒரு புள்ளி வையுங்கள். இங்கேதான் பலருக்கும் தவறுகிறது. கீபோர்டில் 1 என்று அடித்தால் அது வெறும் எழுத்து. எல்லாப் பத்திக்கும் 1, 1, 1 என்றே வரும். சாம்பல் பின்னணி இருந்தால்தான் எண்ணிக்கை ஓடும்.

லெவல் 2-ஐ 'லிஸ்ட் நம்பர்' ஸ்டைலோடு இணையுங்கள். 'ஹெடிங் 2' வேண்டாம், பொருளடக்கத்தில் பத்தி முழுக்க வந்து விழும். 'ரீஸ்டார்ட் லிஸ்ட் ஆஃப்டர்' கட்டத்தில் டிக் இருக்கிறதா, பக்கத்தில் 'லெவல் 1' இருக்கிறதா என்று பாருங்கள். 'அலைன்ட் அட்' 0, 'டெக்ஸ்ட் இன்டென்ட் அட்' 0.5 அங்குலம் வைத்தால் பத்தி அழகாக நிற்கும். ஓகே கொடுத்த பிறகு பகுதித் தலைப்புகளுக்கு 'ஹெடிங் 1', பத்திகளுக்கு 'லிஸ்ட் நம்பர்'. அவ்வளவுதான். இனி எந்தப் பத்தியை எங்கே நகர்த்தினாலும், நடுவில் புதுப் பகுதியே நுழைத்தாலும் எண் தானாகச் சரியாகும்.

கேள்வி: எனக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. வினாத்தாளில் பகுதி மாறினாலும் வினா எண் தொடர்ந்து போக வேண்டும். — ஆசிரியை, காரைக்குடி

பதில்: மேலே சொன்ன அதே பெட்டி. லெவல் 2-ல் 'ரீஸ்டார்ட் லிஸ்ட் ஆஃப்டர்' டிக்கை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: பழைய கோப்பிலிருந்து பத்திகளை ஒட்டினால் எண்களோடு இடைவெளி, ஃபான்ட் எல்லாம் சிதறுகின்றன. சில எண்கள் மட்டும் தடித்த எழுத்தில் வேறு வருகின்றன. — டி.டி.பி. நிலையம், தஞ்சாவூர்

பதில்: இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். எண்ணும் அதன் தோற்றமும் பத்தியின் கடைசியில் இருக்கும் பத்திக் குறியோடு இணைந்தவை. கன்ட்ரோல்+ஷிஃப்ட்+8 அழுத்தினால் அந்தக் குறி கண்ணுக்குத் தெரியும். ஒரே பத்தியை எடுக்கும்போது குறியை விட்டுவிட்டு வாசகத்தை மட்டும் தேர்ந்தெடுத்து காப்பி செய்யுங்கள். நிறையப் பத்திகள் என்றால் 'கீப் டெக்ஸ்ட் ஒன்லி' வகையில் ஒட்டுங்கள். அப்போது பழைய எண்கள் வெறும் எழுத்தாகக் கூடவே வரும். அவற்றை நீக்கிவிட்டு உங்கள் கோப்பின் ஸ்டைலைக் கொடுங்கள். எண் மட்டும் தடிப்பாக இருந்தால் பத்திக் குறியை மட்டும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்+பி ('போல்டு' என்பதன் முதல் எழுத்து).

கேள்வி: லிப்ரே ஆஃபிஸ் ரைட்டரில் பத்தி எண்ணை மறுபடி 1-லிருந்து தொடங்குவது எப்படி? கூகுள் டாக்ஸில்? — கல்லூரி மாணவர், யாழ்ப்பாணம்

பதில்: ரைட்டரில் பத்திக்குள் கர்சரை வைத்து 'ஃபார்மேட்', 'பாராகிராஃப்', அதில் 'அவுட்லைன் அண்ட் லிஸ்ட்' டேப். அந்தப் பத்தியில் 'ரீஸ்டார்ட்' செய்யச் சொல்லும் கட்டத்தில் டிக் போட்டு, 'ஸ்டார்ட் வித்' என்ற இடத்தில் 1 கொடுங்கள். வேர்டிலிருந்து வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இங்கே மறுதொடக்கம் அந்த ஒரு பத்தியின் குணம். அந்தப் பத்தியை அழித்தால் மறுதொடக்கமும் கூடவே போய்விடும். அடுத்த பத்தி முந்தைய எண்ணிக்கையைத் தொடரும். வேர்டில் முதல் பத்தியை அழித்தால் இரண்டாவது பத்தி 1 ஆகிவிடும்.

கூகுள் டாக்ஸில் 'ஃபார்மேட்', 'புல்லட்ஸ் அண்ட் நம்பரிங்', 'லிஸ்ட் ஆப்ஷன்ஸ்', 'ரீஸ்டார்ட் நம்பரிங்'.

கேள்வி: உட்பிரிவுகளுக்கு (அ), (ஆ), (இ) என்று வேர்டில் தானாக வரவழைக்க முடியுமா? — ஆவண எழுத்தர், விழுப்புரம்

பதில்: வேர்டின் எண் வகைகளில் இந்தி எழுத்தும் தாய் எழுத்தும் உண்டு, தமிழ் எழுத்து இல்லை. பத்திரம் எழுதுகிறவர்களுக்கு இது பெரிய குறைதான். கையால்தான் அடிக்க வேண்டும்: (அ), ஒரு டேப், பிறகு வாசகம், அந்தப் பத்தியில் கன்ட்ரோல்+டி அழுத்தினால் இரண்டாம் வரி எழுத்துக்குக் கீழே போகாமல் வாசகத்துக்கு நேராக நிற்கும். ஆங்கிலக் கீபோர்டில் அந்த 'டி', 'டேப்' என்பதன் முதல் எழுத்து, 'டி.வி.'யில் வருவதும் அதுவே. நடுவில் ஒரு உட்பிரிவைச் சேர்த்தால் கீழே உள்ள எழுத்துகளை நீங்களே திருத்த வேண்டும்.