சத்யஜித் ராய் எந்தப் படத்துக்கு ஆஸ்கர் வாங்கினார்? அவருடைய விருதுகளில் எது முக்கியமானது?

எந்தப் படத்துக்கும் வாங்கவில்லை. 1992-ல் அவருக்குக் கிடைத்தது வாழ்நாள் பணிக்கான கௌரவ ஆஸ்கர். அபூர் சன்சார், மகாநகர், சத்ரஞ்ச் கே கிலாடி ஆகிய மூன்றையும் இந்தியா வெவ்வேறு ஆண்டுகளில் அயல்மொழிப் பிரிவுக்கு அனுப்பியது. ஒன்றுகூட இறுதி ஐந்துக்குள் வரவில்லை. ‘பதேர் பாஞ்சாலிக்கு ஆஸ்கர்’ என்று சுற்றிவரும் தகவலை நம்ப வேண்டாம்.

எது முக்கியம் என்று கேட்டால் நான் பிரான்ஸின் 1956 கான் திரைப்பட விழாவைத்தான் சொல்வேன். அவருடைய முதல் படமான பதேர் பாஞ்சாலி அங்கே முதலில் திரையிடப்பட்டபோது அரங்கில் ஆளே குறைவு. படத்தின் தரம் தெரிந்த சில விமர்சகர்கள் வற்புறுத்தியதால் மறுபடியும் திரையிட்டார்கள். அதன் பிறகுதான் ‘சிறந்த மனித ஆவணம்’ என்ற சிறப்பு விருது கிடைத்தது. அது கானின் முதல் பரிசு அல்ல. ஆனால் ஐரோப்பாவில் ராய்க்குக் கதவைத் திறந்துவிட்டது அதுதான்.

மறு ஆண்டே வெனிஸ் திரைப்பட விழாவில் அபராஜிதோ, அங்கே முதல் பரிசான தங்கச் சிங்கத்தை வென்றது. அந்தப் போட்டியில் குரோசாவா, விஸ்கோன்டி போன்ற பெரிய இயக்குநர்களின் படங்களும் இருந்தன. அதே படம் வங்காளத்தில் ஓடவில்லை. மகன் தாயை விட்டு விலகிப்போவதை அங்கிருந்த ரசிகர்களால் ஏற்க முடியவில்லை. 1956-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதில் சிறந்த படமாகத் தேர்வானதும் அபராஜிதோ அல்ல, காபுலிவாலா.

தேசிய விருதுக் கணக்கில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். சிறந்த இயக்குநர் என்ற பிரிவே 1967-ஆம் ஆண்டுப் படங்களுக்கான 15-ஆவது தேசிய விருதில்தான் வந்தது. அதை முதலில் பெற்றவர் ராய், படம் சிரியாகானா. அது ஒரு துப்பறியும் கதை. அவருடைய பலவீனமான படங்களில் ஒன்று என்றே விமர்சகர்கள் பெரும்பாலும் சொல்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது. 1964-ல் சாருலதாவை எடுத்தவருக்கு அந்தப் படத்துக்காக இங்கே இயக்குநர் விருது இல்லை, ஏனென்றால் அப்போது அந்தப் பிரிவே கிடையாது. பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. சிறந்த படம் ஆறு முறை, சிறந்த இயக்குநர் ஆறு முறை என்பது சரியான கணக்கு. இணையத்தில் சொல்லப்படும் முப்பதுக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் நடிகர்களும் தொழில்நுட்பக் கலைஞர்களும் வாங்கியவையும் சேர்ந்திருக்கும். ஆண்டையும் கவனியுங்கள்: 1984-க்கான பால்கே விருது வழங்கப்பட்டது 1985-ல். படத்தின் ஆண்டு, விழா ஆண்டு இரண்டையும் கலந்தால் ஒரே விருது இரண்டு முறை எண்ணப்பட்டுவிடும்.

பெர்லின் திரைப்பட விழா அவரைத் தொடர்ந்து கொண்டாடியது. 1964-ல் மகாநகர், 1965-ல் சாருலதா என அடுத்தடுத்து சிறந்த இயக்குநருக்கான வெள்ளிக் கரடி. 1973-ல் அசனி சங்கேத்துக்கு முதல் பரிசான தங்கக் கரடி. கான் விழாவோ சாருலதாவைப் போட்டிக்கே எடுக்கவில்லை. விமர்சகர் மதிப்பீட்டுக்கு உலகின் சிறந்த படங்களுக்காக ‘சைட் அண்ட் சவுண்ட்’ என்ற பிரிட்டிஷ் திரைப்பட இதழ் நடத்தும் வாக்கெடுப்பையும் பாருங்கள்: பதேர் பாஞ்சாலி 1992-ல் 6-ஆவது இடம், 2022-ல் 35-ஆவது இடம்.

ஆஸ்கருக்குத் திரும்பி வருகிறேன், ஏனென்றால் அது செய்த வேலை மேடையில் நடந்ததைவிடப் பெரியது. 1992 மார்ச்சில் கொல்கத்தா மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடியே ராய் நன்றி சொன்னார். ஏப்ரல் 23 அன்று காலமானார். விழாவில் காட்டக் காட்சிகளைத் தேடியபோதுதான், அவர் படங்களின் நல்ல பிரதிகள் கிடைப்பதே அரிது என்று ஆஸ்கரை வழங்கும் அகாடமிக்குத் தெரிந்தது. பாதுகாப்பு முயற்சி தொடங்கியது. 1993-ல் லண்டன் லேப் ஒன்றில் நடந்த தீ விபத்தில் அபூ வரிசைப் படங்களின் (பதேர் பாஞ்சாலி, அபராஜிதோ, அபூர் சன்சார்) மூல நெகட்டிவ்களும் எரிந்தன. ஓரம் கருகி, சுருங்கி, உருகி ஒட்டிப்போன அந்தச் சுருள்களைக்கூட அகாடமி தூக்கி எறியாமல் வைத்திருந்தது. சுமார் இருபது ஆண்டு கழித்து இத்தாலியின் போலோன்யாவில் அவற்றுக்கு ஈரப்பதம் ஏற்றி, சுருளின் ஓரத் துளைகளைக் கையாலேயே சரிசெய்து ஸ்கேன் செய்தார்கள். பதேர் பாஞ்சாலியில் ஏறக்குறைய 40 சதவீதமும் அபராஜிதோவில் 60 சதவீதத்துக்கு மேலும் மூல நெகட்டிவிலிருந்தே தேறியது. மீதியை வேறு பிரதிகளிலிருந்து எடுத்து நிரப்பினார்கள்.

ராயைப் பார்க்கத் தொடங்குபவர்கள் 2015-ல் வெளிவந்த அந்த 4கே பதிப்பையே தேடிப் பாருங்கள். பழைய மங்கலான பிரதிகளில் சுப்ரதா மித்ராவின் ஒளிப்பதிவு பாதிகூடத் தெரியாது.